முற்றிய கல்லீரல் புற்றுநோய்க்கு மருந்தும் ஆபரேஷனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லீரல் அறுவைப் பிரிவில் நோயாளிகளோடும் வீட்டாரோடும் உட்கார்ந்து சிகிச்சையை விளக்கிச் சொல்வது என் வேலை. "இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், மருந்து ஆரம்பிப்போம், கட்டி சுருங்கினால் பார்க்கலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனதும், எதிரில் இருப்பவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். அதற்கப்புறம் வரும் கேள்விகள் வருடக்கணக்காக மாறவே இல்லை. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

இங்கே பேசுவது கல்லீரல் செல்லிலேயே தொடங்கும் புற்றைப் பற்றி. ரிப்போர்ட்டில் ஹெபடோசெல்லுலார் கார்சினோமா, அல்லது சுருக்கமாக எச்.சி.சி. என்று இருக்கும். இது பொதுவான விளக்கம்தான். உங்கள் ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனையையும் கையில் வைத்திருக்கும் டாக்டர் சொல்வதே உங்களுக்கான முடிவு.

"முற்றிய நிலை"ன்னு எழுதியிருக்காங்க. கல்லீரல் முழுக்கப் பரவிடுச்சா?

அப்படி இருக்க வேண்டியதில்லை. பார்சிலோனா முறை என்று ஒரு நிலைப் பட்டியல் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அதில் 0, ஏ, பி, சி, டி என ஐந்து படிகள். 'சி' என்பதுதான் முற்றிய நிலை. கட்டி கல்லீரலின் ரத்தக்குழாய்க்குள் நுழைந்திருந்தாலோ, கல்லீரலைத் தாண்டி வெளியே போயிருந்தாலோ, நோயால் உடல் தளர ஆரம்பித்திருந்தாலோ 'சி'யில் சேர்த்துவிடுவார்கள்.

ஆக, ஒரே பக்கத்தில் ஒரே கட்டி இருந்து, அது, குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் ரத்தக்குழாயின் அந்தப் பக்கத்துக் கிளை ஒன்றுக்குள் நாக்கு நீட்டியிருந்தாலும் அது 'சி'தான். நுரையீரல் வரை பரவியிருந்தாலும் 'சி'தான். எழுத்து ஒன்று, நோய் இரண்டு விதம். மருந்துக்குப் பின் ஆபரேஷன் என்ற பேச்சு பெரும்பாலும் முதல் வகையினருக்குத்தான் வரும். அதனால் அந்த எழுத்தை மட்டும் பார்த்து மனம் உடைந்துபோக வேண்டாம். "எதனால் 'சி' என்று போட்டீர்கள்?" என்று கேளுங்கள்.

இப்பவே வெட்டி எடுத்துட்டா என்ன? கெட்டது உள்ளேயே இருக்கட்டும்னு ஏன் காத்திருக்கணும்?

இந்தக் கேள்வியில் இருக்கும் பதற்றம் எனக்குப் புரிகிறது. வெட்டக்கூடிய கட்டியை யாரும் சும்மா விட்டுவைப்பதில்லை. தடையாக இருப்பவை மூன்று. ஒன்று, மீதி விடப்போகும் கல்லீரல். வெட்டி எடுக்கும் பகுதியை விட, உள்ளே விட்டுவைக்கும் பகுதியைப் பற்றித்தான் அறுவை டாக்டர்கள் அதிகம் கவலைப்படுவார்கள். நல்ல கல்லீரல் என்றால் கால்வாசி மிஞ்சினாலே சமாளித்து வளர்ந்துவிடும். சிரோசிஸ் வந்து தழும்பேறிய கல்லீரலில் 40 சதவீதமாவது மிஞ்ச வேண்டும் என்று பார்ப்பார்கள். இந்தப் புற்று பெரும்பாலும் ஹெபடைடிஸ் பி, சி, மது, கொழுப்புக் கல்லீரல் ஆகியவற்றால் ஏற்கெனவே நொந்துபோன கல்லீரலில்தான் வருகிறது. அதனால் இந்தக் கணக்கு எப்போதும் இறுக்கமாகவே இருக்கும்.

இரண்டாவது, ரத்தக்குழாய். கட்டியின் நுனி போர்ட்டல் குழாயின் நடுத்தண்டு வரை வந்துவிட்டால் சுற்றிலும் புற்றில்லாத விளிம்பு விட்டு அதைச் சுத்தமாக எடுப்பது கடினம். மூன்றாவதுதான் முக்கியம் என்பேன். குழாய்க்குள் நுழைந்த கட்டி, ஸ்கேனில் தெரியாத விதைகளை ஏற்கெனவே தூவியிருக்கலாம். பெரிய ஆபரேஷன் செய்து, காயம் ஆறுவதற்குள் வேறு நான்கு இடத்தில் முளைத்தால், நோயாளி வலியை மட்டும் அனுபவித்தவர் ஆவார். மருந்து கொடுத்துப் பார்க்கும் அந்தச் சில மாதங்கள், இந்த நோயின் குணம் என்ன என்று காட்டிக்கொடுக்கும்.

எல்லா நாட்டிலும் ஒரே கருத்து இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேற்கத்திய வழிகாட்டுதல்கள் குழாய்க்குள் நுழைந்தாலே முதலில் மருந்து என்கின்றன. ஜப்பானிலும் சீனாவிலும், சின்னக் கிளைக்குள் மட்டும் நுழைந்த கட்டியை நேராகவே வெட்டுவதும் உண்டு. இரண்டு டாக்டர் இரண்டு விதமாகச் சொன்னால் யாரோ ஒருவர் தப்பு என்று அர்த்தமில்லை.

முன்னெல்லாம் இப்படிச் சொன்னதே இல்லையே? இது புதுசா கண்டுபிடிச்சதா?

யோசனை பழையது. அதைச் செய்து காட்டும் மருந்து புதியது. 2007-ல் சோராஃபெனிப் மாத்திரை இந்த நோய்க்கு வந்தபோது அதுவே பெரிய செய்தி. அதை நிலைநாட்டிய ஆய்வில் நடுமட்ட ஆயுள், அதாவது பாதிப் பேர் உயிரோடு தாண்டிய காலம், 7.9 மாதத்திலிருந்து 10.7 மாதமாகக் கூடியது. ஆனால் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது 100-ல் 2 பேருக்குத்தான். நோயை நிறுத்தி வைக்கும், சுருக்காது. சுருங்காத கட்டியை நம்பி ஆபரேஷனுக்குத் தேதி குறிக்க முடியாது.

2018-ல் லென்வாட்டினிப் முதல் வரிசைக்கு வந்தது. அதில் சுமார் நான்கில் ஒருவருக்குக் கட்டி அடங்கியது. 2020-ல் அட்டெசோலிசுமாப், பெவாசிசுமாப் என்ற இரண்டு ஊசிகளின் கூட்டு வந்தது. அதில் 10 பேரில் ஏறக்குறைய 3 பேருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது, சிலருக்கு ஸ்கேனில் மறைந்தே போனது. அப்புறம் டுர்வாலுமாப்–டிரெமெலிமுமாப் கூட்டும், நிவோலுமாப்–இபிலிமுமாப் கூட்டும் சேர்ந்தன. கையில் சுருக்கும் மருந்து வந்த பிறகுதான் "வெட்ட முடியாததை வெட்டும்படி மாற்றலாமா" என்ற கேள்விக்கு உயிர் வந்தது. இதைக் கன்வர்ஷன் சிகிச்சை என்கிறார்கள்.

இதெல்லாம் கீமோதானே? முடி கொட்டுமா?

பெரும்பாலும் இல்லை. மேலே சொன்னவற்றில் ஒரு வகை, கட்டிக்குப் புது ரத்தக்குழாய் முளைக்க விடாமல் தடுக்கும். இன்னொரு வகையான இம்யூனோதெரபி, நம் உடம்பின் காவல் செல்களைப் பிடித்து வைத்திருக்கும் கடிவாளத்தை அவிழ்த்துவிடும். பழைய கீமோ போல முடி மொத்தமாகக் கொட்டுவது இவற்றின் இயல்பு அல்ல.

ஆனால் வேறு தொல்லைகள் உண்டு. மாத்திரைகளில் ரத்த அழுத்தம் ஏறும், வயிற்றுப்போக்கு வரும், உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரியும். இம்யூனோதெரபியில் அவிழ்த்துவிட்ட காவல் செல்கள் சில சமயம் சொந்த உறுப்பையே தாக்கும். தைராய்டு, குடல், நுரையீரல், கல்லீரல் எதுவும் தப்பாது. புதிதாக இருமல், மூச்சு வாங்குதல், ஓயாத பேதி, கண் மஞ்சள் இவற்றில் எது வந்தாலும் அடுத்த தேதி வரை காத்திருக்காதீர்கள்.

ஊசி ஆரம்பிக்கும் முன்னாடி வயித்துக்குள்ள கேமரா விட்டுப் பார்க்கணும்னாங்க. புற்று கல்லீரல்லதானே இருக்கு?

சிரோசிஸ் உள்ளவர்களுக்கு உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் புடைத்திருக்கும். பெவாசிசுமாப் ரத்தக்கசிவைக் கூட்டக்கூடிய மருந்து. அதனால் எண்டோஸ்கோபி செய்து, புடைப்பு பெரிதாக இருந்தால் முதலில் அதைக் கட்டிவிட்டு, அப்புறம்தான் ஊசி போடுவார்கள். இந்தப் பரிசோதனையைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

தொடை வழியா குழாய் விட்டு மருந்து அடைக்கறாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?

வேறு. அதற்கு டேஸ் என்று பெயர். நல்ல கல்லீரலுக்கு ரத்தத்தில் முக்கால் பங்கு போர்ட்டல் குழாய் வழியாக வருகிறது. கட்டியோ பெரும்பாலும் தமனியிலிருந்துதான் ரத்தம் குடிக்கும். அந்த வித்தியாசத்தைப் பயன்படுத்தி, தமனிக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்குப் போகும் கிளையில் மருந்தைக் கொட்டி அடைத்துவிடுவார்கள். உடம்பு முழுக்கப் போகும் மருந்தோடு இதையும் சேர்த்தால் சுருக்கம் கூடுகிறது. சீனாவில் நடந்து 2022-ல் வெளியான ஓர் ஆய்வில் லென்வாட்டினிப் மட்டும் எடுத்தவர்களின் நடுமட்ட ஆயுள் 11.5 மாதம், டேஸும் சேர்த்தவர்களுக்கு 17.8 மாதம். சேர்த்து எடுத்தவர்களில் சுமார் 15 சதவீதம் பேர் ஆபரேஷன் வரை போக முடிந்தது.

அந்த 15 சதவீதத்தை நான் எல்லோரிடமும் சொல்வேன். நம்பிக்கைக்கு இடமிருக்கிறது என்று காட்டுவதும் அந்த எண்தான், பெரும்பாலானோர் அந்தக் கதவு வரை போவதில்லை என்று சொல்வதும் அந்த எண்தான்.

எத்தனை மாசம் மருந்து எடுத்தா ஆபரேஷன் பண்ணுவாங்க?

மாதக் கணக்கு கிடையாது. வழக்கமாக இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். கட்டி சுருங்கியதா, குழாயிலிருந்து பின்வாங்கியதா, புது இடத்தில் எதுவும் முளைக்காமல் இருந்ததா, பல கட்டிகள் ரத்தத்தில் விடும் ஏ.எஃப்.பி. என்ற புரதம் இறங்கியதா, கல்லீரல் தாக்குப்பிடிக்கிறதா என்று எல்லாம் சேர்ந்து ஒத்துவர வேண்டும். ஒரு ஸ்கேனில் நன்றாக வந்ததும் ஓடிப்போய் வெட்டாமல், இன்னொரு ஸ்கேன் வரை அதே நிலை நிற்கிறதா என்று பார்ப்பவர்களும் உண்டு.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மருந்து டாக்டர் தனியாகவும் அறுவை டாக்டர் தனியாகவும் பார்க்கும் இடத்தில் இந்தச் சிகிச்சை நழுவிப்போகும். ஆபரேஷனுக்கு ஏற்ற நேரம் ஒரு ஜன்னல் திறந்து மூடுவது போல. சில வாரங்களே இருக்கலாம். முதல் நாள் ஸ்கேனை அறுவை டாக்டரும் பார்த்திருக்க வேண்டும், ஒவ்வொரு புது ஸ்கேனையும் அவர் கண்ணில் காட்ட வேண்டும்.

மூணு மாசம் கழிச்சும் எட்டு சென்டிமீட்டர் எட்டாவே இருக்கு. மருந்து பிடிக்கலையா?

அளவை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. படம் தெளிவாகத் தெரிவதற்கான மருந்தை ஏற்றி எடுக்கும் ஸ்கேனில் உயிருள்ள கட்டி பளிச்சென்று தெரியும், செத்த பகுதி இருண்டு கிடக்கும். வெளிக்கோடு அப்படியே இருந்து உள்ளே மட்டும் செத்திருக்கலாம். அதனால்தான் இந்த நோய்க்கு உயிருள்ள பகுதியை மட்டும் அளக்கும் தனி முறை வைத்திருக்கிறார்கள்.

வெட்டி எடுத்த ஒரு கட்டியை ஆய்வகத்தில் குறுக்கே அறுத்தபோது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஸ்கேனில் பெரிதாகவே இருந்த கட்டி. உள்ளே முழுக்க மஞ்சள் பூத்து, கத்தி பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. ஓரத்தில் மட்டும் நகக்கண் அளவுக்குச் சாம்பல் நிறத்தில் கெட்டியாக ஓர் இடம். உயிரோடு இருந்தது அவ்வளவுதான். "அப்படியே இருக்கிறதே" என்று அந்தக் குடும்பம் மூன்று மாதம் தூங்கவில்லை.

எங்களுக்கு நேர்மாறா. ஸ்கேன்ல கட்டியே தெரியலைன்னாங்க. அப்புறம் எதுக்கு ஆபரேஷன்?

கஷ்டமான கேள்வி. இதில் டாக்டர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவு வரவில்லை. ஸ்கேனுக்குத் தெரியாமல் போவதும் உயிரோடு இல்லாமல் போவதும் ஒன்றல்ல. முந்தைய பதிலில் சொன்ன அந்த நகக்கண் அளவு இடத்தை எந்த ஸ்கேனும் தவறவிடலாம். வெட்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் உறுதி. ஆபரேஷன் தாங்கக்கூடிய உடம்பு, போதுமான கல்லீரல், எளிதாக எட்டும் இடம் என்றால் எடுத்துவிடலாம் என்பவர்கள் ஒரு பக்கம். ஏ.எஃப்.பி.யும் இயல்புக்கு வந்து, சிரோசிஸ் கடுமையாக இருந்து, பாதிக் கல்லீரலை எடுக்க வேண்டிய நிலை என்றால் நெருங்கிக் கண்காணிப்பதே மேல் என்பவர்கள் இன்னொரு பக்கம்.

என் அபிப்பிராயம் கேட்டால், எவ்வளவு கல்லீரலை இழக்க வேண்டியிருக்கும் என்பதை வைத்தே முடிவெடுங்கள் என்பேன். ஓர் ஓரத்துத் துண்டு என்றால் ஒரு முடிவு, வலப்பக்கம் முழுவதும் என்றால் வேறு முடிவு.

மீதிக் கல்லீரல் போதாதுன்னு சொல்லிட்டா கதை முடிஞ்சுதா?

உடனே முடியாது. வெட்டப்போகும் பக்கத்துக்குப் போகும் போர்ட்டல் கிளையை முன்கூட்டியே அடைத்துவிடுவார்கள். ரத்தம் முழுவதும் நல்ல பக்கத்துக்குத் திரும்பும். நாலு முதல் ஆறு வாரத்தில் அந்தப் பக்கம் வளரும். மறுபடி அளந்து பார்ப்பார்கள். வளர்ந்தால் ஆபரேஷன். வளரவில்லை என்றால், வெட்டிய பிறகும் அது வளர்ந்திருக்காது என்று முன்னாலேயே தெரிந்துகொண்டோம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

அளவோடு தரமும் முக்கியம். பிலிருபின், அல்புமின், ரத்தம் உறையும் நேரம், வயிற்றில் நீர், மனக்குழப்பம் ஆகிய ஐந்தையும் வைத்து சைல்ட்–பியூ என்று மதிப்பெண் போடுவார்கள். குறைந்தது 5, அதிகபட்சம் 15; எண் குறைவாக இருந்தால்தான் கல்லீரல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பெரிய ஆபரேஷனுக்கு 5 அல்லது 6 இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள்.

ஆபரேஷன் தேதி குறிச்சாச்சு. மருந்தை நாங்களே நிறுத்திடலாமா?

நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பெவாசிசுமாப் ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் 20 நாள் ஆகும், காயம் ஆறுவதைக் கெடுக்கும்; குறைந்தது 28 நாள் இடைவெளி வேண்டும், பலர் ஆறு வாரம் விடுவார்கள். மாத்திரைகளில், அடுத்த வரிசை மருந்தான கபோசான்டினிப் மூன்று வாரம், சோராஃபெனிப் 10 நாள், லென்வாட்டினிப் ஒரு வாரம். இவை குறைந்தபட்சக் கணக்குகள். காயம் ஆறிய பிறகே மறுபடி தொடங்குவார்கள்.

இம்யூனோதெரபி எடுத்தவர்களுக்குத் தைராய்டும் அட்ரினல் சுரப்பியும் சரியாக இருக்கின்றனவா என்று ஆபரேஷனுக்கு முன் பார்த்துவிட வேண்டும். அட்ரினல் மந்தமானது தெரியாமல் மேசையில் ஏற்றினால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். மயக்க மருந்து டாக்டரிடம் நீங்கள் எடுத்த ஊசியின் பெயரை உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள்.

புற்றுக்கே இவ்வளவு மருந்து. ஹெபடைடிஸ் பி மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. என்டெகாவிர், டெனோஃபோவிர் எதுவானாலும் சிகிச்சை முழுக்கவும் அதற்குப் பிறகும் தொடர வேண்டும். நிறுத்தினால் வைரஸ் எழும்பி, கஷ்டப்பட்டுக் காப்பாற்றிய மீதிக் கல்லீரலையே கெடுத்துவிடும்.

எங்களுக்கு இப்பவே வெட்டலாம்னு சொல்றாங்க. இருந்தாலும் முதல்ல இம்யூனோதெரபி எடுத்துட்டு வெட்டினா நல்லதா?

முன்னே சொன்னது வெட்ட முடியாததை மாற்றுவது. இது வெட்டக்கூடியதற்கே முன்மருந்து. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இதற்குச் சின்ன ஆய்வுகள்தான் இருக்கின்றன. செமிப்ளிமாப் என்ற இம்யூனோதெரபி ஊசியை முன்னால் கொடுத்த ஓர் ஆய்வில் 21 பேரில் 20 பேர் திட்டமிட்டபடி ஆபரேஷன் செய்துகொண்டார்கள். அந்த 20-ல் 4 பேரின் கட்டி பெரும்பகுதி செத்திருந்தது. வெட்டுவது சந்தேகம் என்ற நிலையில் இருந்த 15 பேருக்கு கபோசான்டினிப்–நிவோலுமாப் கொடுத்த இன்னொன்றில் 12 பேருக்கு விளிம்பு சுத்தமாக எடுக்க முடிந்தது. நம்பிக்கை தரும் எண்கள், ஆனால் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். சுத்தமாக வெட்டக்கூடிய கட்டிக்கு இது இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. ஆய்வில் சேரச் சொன்னால் யோசிக்கலாம். அதற்கு வெளியே, நானாக இருந்தால் தேதியைத் தள்ளமாட்டேன்.

ஆபரேஷன் ஆயிடுச்சு, விளிம்பு சுத்தம். இனி மருந்தே வேண்டாமா?

வெட்டிய பிறகு 5 வருடத்துக்குள் 10-ல் 7 பேர் வரை மறுபடி வருகிறது. அதனால் எல்லோருக்கும் பின்மருந்து கொடுத்தால் என்ன என்று பார்த்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு சோராஃபெனிப்பைச் சோதித்த ஆய்வு 2015-ல் வெளியானது, பலன் இல்லை. 2023-ல் அட்டெசோலிசுமாப்–பெவாசிசுமாப் ஆய்வு முதலில் நல்ல சேதி சொன்னது. ஆனால் கூடுதல் காலம் பார்த்தபோது அந்த நன்மை நிலைக்கவில்லை.

இவை நேராக ஆபரேஷன் அல்லது கட்டியைச் சுடும் சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் நடந்தவை. மருந்தால் சுருக்கி, அப்புறம் வெட்டியவர்கள் நிலை வேறு. எந்த மருந்துக்கு அடங்கியது என்று தெரியும் என்பதால் அதையே சில மாதம் தொடரும் குழுக்கள் பல. மருந்து தொடர்ந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் இரண்டு வருடம் ஸ்கேன் தேதியைத் தவறவிடாதீர்கள். மறுபடி முளைப்பது அந்தக் காலத்தில்தான் அதிகம்.

வெட்டறதுக்குப் பதிலா மாற்றுக் கல்லீரலே வெச்சுடலாமே?

1996-ல் வகுத்த மிலான் அளவுகோல்தான் இன்றும் அடிப்படை: 5 சென்டிமீட்டருக்குள் ஒரே கட்டி, அல்லது 3 சென்டிமீட்டருக்குள் மூன்று கட்டி வரை, ரத்தக்குழாயில் நுழைந்திருக்கக் கூடாது. சிகிச்சையால் சுருக்கி இந்த அளவுக்குள் கொண்டுவந்து மாற்றுவதும் நடக்கிறது. போர்ட்டல் குழாய்க்குள் போனவர்களுக்கு வாசல் மிகக் குறுகல்.

இம்யூனோதெரபி எடுத்தவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. அவிழ்த்துவிட்ட காவல் செல்கள் புதுக் கல்லீரலை அந்நியன் என்று தாக்கும்; அதனால் உயிர் போனதும் உண்டு. இந்த ஊசிகள் உடம்பில் பாதியாகவே சுமார் நான்கு வாரம் ஆகும் என்பதால் போதிய இடைவெளி விட்டே மாற்றுவார்கள். மாற்றுக் கல்லீரல் என்ற எண்ணம் உங்கள் மனதில் இருந்தால், முதல் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் திட்டம் முழுவதையும் மாற்ற வேண்டிவரும்.

அப்பாவுக்குப் பெருங்குடல்லேர்ந்து கல்லீரலுக்கு வந்தது. அவருக்கும் இதே மருந்தா?

இல்லை. அங்கே கீமோதான் முதன்மை. சுருக்கிவிட்டு வெட்டும் வழி அந்த நோயில் இதைவிடப் பழக்கமானது, கல்லீரலிலும் பொதுவாகச் சிரோசிஸ் இருக்காது. இந்தப் பக்கத்தில் உள்ள எண்களை அவருக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

கடைசியில ஆபரேஷன் முடியாதுன்னு சொல்லிட்டாங்க. இத்தனை மாசம் எடுத்த மருந்தெல்லாம் வீணா?

இதைக் கேட்கும்போது பல பேருக்குக் குரல் உடைந்துவிடும். வீணில்லை. ஆபரேஷனுக்கு வழி போடுவது மருந்துக்கு இரண்டாவது வேலை. நோயைப் பிடித்து நிறுத்துவதே அதன் முதல் வேலை. அட்டெசோலிசுமாப்–பெவாசிசுமாப் ஆய்வில் அந்த ஊசி எடுத்தவர்களின் நடுமட்ட ஆயுள் 19.2 மாதம், சோராஃபெனிப் எடுத்தவர்களுக்கு 13.4 மாதம். அவர்களில் பெரும்பாலானோர் ஆபரேஷன் பக்கமே போகாதவர்கள்.

முதல் மருந்து கேட்காவிட்டால் அடுத்த வரிசை மருந்து இருக்கிறது. சைல்ட்–பியூ மதிப்பெண் கெடாமல் இருக்கும்வரை அந்த வழி திறந்திருக்கும். வலி, வயிற்றில் நீர், தூக்கமின்மை, பசியின்மை இவற்றைக் கவனிக்கும் வலி நிவாரணக் குழுவை இப்போதே சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடைசி நாட்களுக்கு என்று ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. அடுத்த ஸ்கேன் வரும்போது அதையும் அறுவை டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். முடியாது என்று அவர் சொன்னது இந்த ஸ்கேனைப் பார்த்துத்தான்.